செப்டம்பர்க் கணக்கு

ஹுவான் ஆற்றுக்கு மேலே
வாட்டில் பூத்து மலைச்சரிவு முழுக்க மஞ்சள்.
கீழே எங்கள் நிலவறையில்
பாட்டில்களின் அடி தெரிகிறது.
முளைவிட்டுச் சுருங்கிய உருளை ஒன்றரைக் கூடை.
பூண்டுச் சரம் ஒன்று, அதிலும் பாதி.
தக்காளிச் சாறு ஏழு பாட்டில்.
ஏப்ரலில் அறுத்த பரங்கிகளில்
மிச்சம் ஒன்றே ஒன்று.

ஹோபார்ட்டிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்,
'வசந்தம் வந்துவிட்டது, இனி உங்களுக்கென்ன கவலை!'
பட்டாணி இன்னும் விரல் உயரம்.
வாட்டில் பூவைப் பஜ்ஜி போடலாமாம்,
கிருபாநிதி எங்கோ படித்திருக்கிறான்.
எண்ணெய் விலையைச் சொன்னேன்.
அதோடு விட்டுவிட்டான்.

விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளை.
பாத்திமேல் போர்த்திய பழைய விரிப்புகளை
உறைந்த விறைப்போடு அவன் உரித்தெடுக்கிறான்.
அதில் ஒன்று கல்யாணப் பரிசு,
கழுத்துக் கிழிந்த மயில் போட்டது.
எங்களுக்குப் போர்த்திய நாளைவிட
பட்டாணிக்குப் போர்த்திய நாள் அதிகம்.

கோழிகளுக்கு மட்டும் சிக்கனம் தெரியாது.
ஜூலையில் வாரத்துக்கு இரண்டு முட்டை,
இப்போது நாளுக்கு ஒன்பது.
காலையில் பொரியல், மதியம் குழம்பு,
இரவில் தோசைமேல் உடைத்து ஊற்றியது.
'இன்றைக்கு முட்டைக்குத் தொட்டுக்கொள்ள
என்ன முட்டை?' என்கிறான் எழிலன்.
இரண்டு டஜன் பிரெண்டா வீட்டுக்குப் போயிற்று.
திரும்பி வந்தவை:
நான்கு வாளி குதிரைச் சாணம்,
நறுமுகைக்கு ஒரு ஜோடி பூட்ஸ்,
இடது காலில் மட்டும் சின்ன ஓட்டை.

வேலியோரச் செந்தட்டியைக்
கையுறை போட்டுக் கிள்ளிவருவேன்.
பருப்பில் வெந்ததும் சாதுவாகிவிடும்.
அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, தேயிலை.
காசுக்கு வாங்குவது இவ்வளவுதான் என்று
சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.
ஆறாவதாக யாரோ பென்சிலில்
'சாக்லேட்' என்று சேர்த்திருக்கிறார்கள்.
பிள்ளைகளின் கையெழுத்து இல்லை அது.
என்னுடையதும் இல்லை.

வியாழக்கிழமை பம்பு நின்றது.
பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் போனபின்
டப்பாவில் மிஞ்சியது
ஒரு பட்டனும் பழைய சாவியும்.
சாவி எந்தப் பூட்டுக்கென்று
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.
பிறகு அவன் நிலவறைக்குப் போய்ப்
பரங்கியைத் தூக்கிவந்தான்.

கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது.
சுத்தியலால் தட்டினான். பிளந்தது.
உள்ளே விதைகள் முளைத்திருந்தன.

சதைக்குள் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடக்க,
மடங்கிய வெளிர்மஞ்சள் இலைகள்
வெளிச்சமே பார்க்காமல்
எங்களைப் பார்த்தன.
'யார் இதுக்கு செப்டம்பர்னு சொன்னது?'
என்றாள் நறுமுகை.
அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது.
யாரும் எழுந்திருக்கவில்லை.

அழுகாத பக்கத்தைக் கூட்டு வைத்தேன்,
தேங்காய் இல்லாத கூட்டு.
நன்றாக இருந்ததென்று பொய் சொல்ல மாட்டேன்.
முளைகளில் பதினொன்று தேறியது.
பால் அட்டைப் பெட்டிகளை அறுத்து
மண் நிரப்பி நட்டார்கள்.
எழிலன் ஒன்றை முறித்துவிட்டு
தான் இல்லை என்றான்.
ஆகப் பத்து.

கடைசிப் பனி நவம்பரில்தான் போகும்.
எட்டு வாரம் இவற்றை வீட்டுக்குள் வைத்து,
பகலில் ஜன்னலுக்கும்
இரவில் கணப்புக்கும் மாற்றி மாற்றித்
தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும்.
ஒரு விதையை நவம்பரில் ஊன்றினால்
இந்தப் பாடே இல்லை.
விதை இருக்கிறது, ஒரு உறை நிறைய.
இருவருக்கும் அது தெரியும்.
இருவரும் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு.
கணப்பில் வெறும் சாம்பல் கனல்.
ஆளுக்கு ஒரு போர்வை போதும்,
விறகு மிச்சம் என்பது இந்த வீட்டுச் சட்டம்.
அவன் ஏற்கனவே அங்கே குந்தியிருந்தான்,
கையில் ஒரு கட்டை,
வாயில் எதையோ மென்றுகொண்டு.
என்னைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.
நான் இன்னொரு கட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

காலையில் நோட்டில் எழுதினேன்:
விறகு, இரண்டு.
எதற்கு என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.